சாம்பல் கட்டை கொஞ்சம்தான் இருக்கிறது, கோட்டை கட்டலாமா?

தாராபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது:

"பசங்களோட பழைய டப்பா எல்லாம் சேர்த்து ஒரு மூட்டை லெகோ இருக்குங்க. மஞ்சளும் சிவப்பும் பழுப்பும் நெறைய. சாம்பல் ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்குத்தான். வெளிநாட்டுக்காரங்க கட்டுறாங்களே, டிராகன், மந்திரவாதி, கோட்டை கொத்தளம்னு, அந்த மாதிரி ஒரு இடைக்காலக் கற்பனைக் காட்சி கட்டோணும்னு ஆசை. சாம்பல் கட்டை ஆயிரக்கணக்குல இல்லாம அதுல எறங்கவே கூடாதுங்கறாங்க. நெசமுங்களா?"

ஜூன் 7

நெசமில்லை தம்பி. மினிஃபிக் என்கிற குட்டி மனிதப் பொம்மைகளோடு வந்த முதல் லெகோ கோட்டையே மஞ்சள்தான். 1978-ல் வந்தது, 375 என்று எண், 767 துண்டுகள், 14 வீரர்கள். மதில், கோபுரம் எல்லாம் பளீர் மஞ்சள். சாம்பலை அள்ளிக் கொடுத்தால் பிள்ளைகள் பீரங்கி வண்டி கட்டிவிடுவார்கள் என்று கம்பெனி தயங்கியதாகச் சொல்வார்கள். குதிரைக்கு அப்போது தனி அச்சு கிடையாது, கட்டைகளை அடுக்கியே குதிரை செய்தார்கள். 1984-ல் கோட்டை வரிசை பெரிதாகத் தொடங்கியபோதுதான் சாம்பல் மதில் வழக்கமானது. அந்த மஞ்சள் கோட்டையை இன்றைக்கும் ஆட்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

கையில் இருக்கிற நிறத்தில் தைரியமாக ஆரம்பியுங்கள்.

ஜூன் 7, இரவு

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது இன்னொன்றும் சொல்ல வேண்டும் என்று பட்டது. கேள்வி முழுக்க மதிலைப் பற்றியே இருக்கிறது. புதிதாக வருகிற எல்லோரும் மதிலில்தான் கை வைக்கிறார்கள். நாலு மூலை, நாலு கோபுரம், நடுவில் வாசல். பாதியில் கட்டை தீர்ந்துவிடும். தீராமல் முடிந்தாலும் மேசைமேல் வைத்த டப்பா மாதிரித்தான் நிற்கும்.

தரையில் ஆரம்பியுங்கள். கோட்டை எந்த மண்ணில் நிற்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வண்டி எந்தப் பக்கமாக ஏறுகிறது, மாடு எங்கே மேய்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அது தெரிந்துவிட்டால் மதிலில் ஒரு மூலை மட்டும் கட்டினால் போதும். மிச்சத்தைப் பார்க்கிறவர்களே மனசுக்குள் கட்டிக்கொள்வார்கள். நான் இத்தனை வருடம் கட்டியதிலும் அடுத்தவர்கள் கட்டியதைப் பார்த்ததிலும் உறுதியாக நம்புவது இது ஒன்றைத்தான்.

ஜூன் 9

"பச்சை பேஸ்பிளேட் போட்டாச்சுன்னா அதுக்கு மேல தரைல என்னங்க இருக்கு?" என்று பவானிக்காரர் ஒருவர் கேட்கிறார்.

அந்தப் பச்சை அடிப்பலகை, லெகோ பிறந்த டென்மார்க்குப் புல். நம் பக்கம் அப்படிப் பச்சை தெரிவது ஐப்பசி மழைக்கு அப்புறம் கொஞ்ச நாள்தான். காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டை, நினைத்துப் பாருங்கள். செம்மண், அதன்மேல் காய்ந்து வெளுத்த கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. இதற்குச் சாம்பல் ஒரு துண்டு கூட வேண்டியதில்லை. ரெடிஷ் பிரவுன், டார்க் ஆரஞ்சு, டேன் என்கிற மணல் நிறம், டார்க் டேன், கொஞ்சம் ஆலிவ் கிரீன் போதும். தம்பியிடம் பழுப்பு நிறைய இருக்கிறது என்றாரே, அவர் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டார்.

நான் செய்கிற விதம் இது. அடியில் எந்த நிறமானாலும் பழைய கட்டைகளைப் பரப்பி, மேலே ஒன்றிரண்டு பிளேட் (மெல்லிய தட்டைத் துண்டு) உயரத்துக்கு மேடு பள்ளம் விடுவேன். செம்மண் நிறம் முதலில், அதன்மேல் டேன் பிளேட்டுகளை ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாக வைப்பேன். ஸ்டட் (கட்டையின் தலையில் இருக்கிற குமிழ்) தெரிகிற இடம் புல், வழவழப்பான டைல் போட்ட இடம் வண்டித்தடம். தடம் இரண்டு கோடாக வர வேண்டும், நடுவில் புல் நிற்க வேண்டும். அது ஒன்று சரியாக வந்துவிட்டால் மாட்டுவண்டியே வைக்காவிட்டாலும் வண்டி போன ஊர் என்று தெரிந்துவிடும்.

கிளுவை வேலிக்குப் பழுப்பு மந்திரக்கோல், லீவர், கைப்பிடி என்று டப்பாவின் அடியில் தேங்கிக் கிடக்கிற குச்சித் துண்டுகள் எல்லாம் உதவும். ஒரு ஸ்டட் அகல வரிசையில் நெருக்கமாக, ஒன்றுக்கொன்று கொஞ்சம் சாய்த்துக் குத்துங்கள். கோடையில் இலை உதிர்ந்த கிளுவை அப்படித்தான் நிற்கும். மழைக்காலம் வேண்டுமானால் அங்கங்கே மூன்றிலைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள்.

ஜூன் 10

பனைமரம் எப்படி என்று கேட்டவருக்கு: 1×1 வட்டக் கட்டைகளை அடுக்கி, நடுவில் நீளக் குச்சி ஒன்றைக் கோத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆடிக் காற்று வரை தாங்காது. கறுப்பும் அடர்பழுப்பும் கலந்து அடுக்கினால் தண்டு நிஜமாக இருக்கும். மரம் கொஞ்சம் சாய்ந்து நிற்கட்டும்.

ஜூன் 14

இன்றைக்குப் பாறை. எனக்கு இதில் பேச நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பியக் கோட்டைப் பாறையை எப்படிக் கட்டுவது என்று எங்கே தேடினாலும் கிடைக்கும். 33, 45, 75 டிகிரி ஸ்லோப்புகளை, அதாவது சரிவுக் கட்டைகளை, கலந்து, முனை முனையாக, வெடித்துக் கிழிந்த மாதிரி அடுக்குவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் சங்ககிரிக்கோ நாமக்கல்லுக்கோ போய்ப் பாருங்கள், நம் பாறையில் முனையே கிடையாது. உருண்டு, வழுக்கி, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து நிற்கும். ஒரு அடுக்கு முடிகிற இடத்தில் கீழே ஒரு நிழல் கோடு. மேலிருந்து மழைத் தண்ணீர் வழிந்த கறுப்புத் தாரைகள் செங்குத்தாக இறங்கும். இந்த மூன்றும் வந்தால் நம் பாறை. வராவிட்டால் வேறு யார் ஊரோ.

வளைந்த ஸ்லோப்புகளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால்தான் அந்த உருட்சி வரும். அதற்கு, பக்கவாட்டில் ஸ்டட் உள்ள கட்டைகள் வேண்டும். கணக்கு எளிது: ஸ்டட்டுக்கு ஸ்டட் 8 மி.மீ., பிளேட் உயரம் 3.2 மி.மீ. ஐந்து பிளேட் அடுக்கினால் 16 மி.மீ., சரியாக இரண்டு ஸ்டட் அகலம். இந்த ஐந்துக்கு இரண்டு மனப்பாடம் ஆகிவிட்டால் எந்தப் பக்கம் திருப்பினாலும் இடுக்கு விழாது. அடுக்கு உரிந்த இடத்தைக் காட்ட மேல் பரப்பு ஒரு பிளேட் கனம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கட்டும், அடியில் கறுப்புத் துண்டு. மழைத் தாரைக்கு ஒரு ஸ்டட் அகலத்தில் அடர்சாம்பல் டைல், மேலே தடித்து, கீழே போகப் போக விட்டுவிட்டு.

சாம்பல் கம்மியாக இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தையே மாற்றியது. பழையது கொஞ்சம் மஞ்சள் கலந்தது, புதியது நீலம் கலந்தது. மதிலில் இரண்டும் கலந்தால் கண்ணை உறுத்தும் என்று பலர் பழைய கட்டைகளைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள், மலிவாகவும் தருகிறார்கள். பாறைக்கு இரண்டும் கலந்துதான் இருக்க வேண்டும். வெயிலில் மஞ்சளித்துப்போன கட்டை கூட அங்கே உபயோகப்படும். சங்ககிரிப் பக்கத்துக் கல்லில் இளஞ்சிவப்பு ஓட்டமும் உண்டு, டேன் கலக்கலாம்.

ஜூன் 15

நாமக்கல் நண்பர் ஒருவர் மொத்தப் பாறையையும் மேலே இருக்கிற கோட்டையோடு மினிஃபிக் அளவில் கட்டப் போவதாக எழுதியிருக்கிறார். ஆசை பெரியது, எனக்கும் பிடித்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மினிஃபிக் உயரம் ஏறக்குறைய 4 செ.மீ. ஐந்தரை அடி ஆள் என்று வைத்தால் 41-ல் ஒரு பங்கு. பாறை சுமார் 65 மீட்டர். ஆக மேசைக்கு மேல் ஐந்தேகால் அடி. மதில் அதற்கும் மேலே.

இதே கணக்கில் ஒரு சந்தோஷமான விஷயமும் இருக்கிறது. ஒரு பிளேட் உயரம் நிஜத்தில் 13 செ.மீ. ஆகிறது, ஒரு ஸ்டட் அகலம் 33 செ.மீ. பாறையில் செதுக்கிய படிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்றமும் மிதியும் வேண்டுமா? ஒரு பிளேட் ஏறு, ஒரு ஸ்டட் போ, அவ்வளவுதான் படி. ஒரு கட்டையின் உயரம் 39 செ.மீ., கோட்டை மதிலின் ஒரு வரிசைக் கல்லுக்குச் சரி. அதனால் மொத்தப் பாறையையும் விட்டுவிட்டு, படி ஏறிப்போகிற ஒரு வளைவை மட்டும் கட்டச் சொல்லியிருக்கிறேன். மலைக்கோட்டை என்றால் அந்த ஏற்றம்தானே. சங்ககிரியில் வாசல் தாண்டி வாசலாக ஏறும்போது அடுத்த வாசல் கடைசி நிமிடம் வரை கண்ணில் படாது. அந்த வளைவில்தான் பயமே.

தூரத்து உச்சியைக் காட்ட விரும்பினால் பின்னால் சிறிய அளவில் கட்டுங்கள். அங்கே 1×1 வட்ட பிளேட் இரண்டு சேர்ந்தால் ஒரு கொத்தளம்.

ஜூன் 15, சற்று நேரம் கழித்து

மதிலின் பற்களைச் சொல்ல விட்டுப்போயிற்று. நம் பக்கத்துக் கோட்டைகளில் பெரும்பாலும் சதுரப் பல் இருக்காது, மேலே வளைந்திருக்கும், நடுவில் துப்பாக்கி நீட்டும் ஓட்டை. அரைவட்ட 1×1 டைலைப் பக்கவாட்டு ஸ்டட்டில் ஒட்டிப் பாருங்கள். பத்துப் பல் வைத்தாலே மதில் ஐரோப்பாவிலிருந்து ஊருக்கு வந்துவிடும்.

ஜூன் 21

கரூர்க்காரர்: "டூப்ளிகேட் கட்டை கலக்கலாமுங்களா? சில பேரு கலந்தா சாதி கெட்டுப்போச்சுங்கற மாதிரி பேசறாங்க."

நான் கோயம்புத்தூரில் டூல் ரூமில் வேலை பார்க்கிறவன். நாள் முழுக்க மோல்டோடும் மைக்ரோமீட்டரோடும்தான் புழக்கம். அதனால் இதை அளவாகவே பார்க்கிறேன். 2×4 கட்டையின் நீளம் 31.8 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஆறும்போது அரை சதவீதம் அளவுக்குச் சுருங்கும், அதாவது 0.16 மி.மீ. அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு டையை வெட்ட வேண்டும். கட்டைக்குக் கட்டை வெறும் 0.05 மி.மீ. உயரம் கூடினால், 20 வரிசை மதிலில் ஒரு பக்கம் ஒரு மில்லி தூக்கிக்கொள்ளும். நாலு மூலையும் சேர்கிற இடத்தில் அது வாயைப் பிளக்கும். 1958-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம், இன்றைய கட்டையும் அந்தக் காலத்துக் கட்டையும் ஒன்றோடொன்று பூட்டுகின்றன. இந்த வேலையின் அருமை எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

மலிவான கட்டையிலும் நல்லது இருக்கிறது. கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளிக் கோடு ஓடியிருந்தால் பிளாஸ்டிக்கைச் சரியாக உலர்த்தாமல் அடித்திருக்கிறார்கள். அது உள் நிரப்புக்குப் போகட்டும். பாறையின் வயிற்றுக்குள்ளே, தரையின் அடியிலே எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்கப்போவதில்லை. வெளியே தெரிகிற மதிலுக்கும் அசைகிற மூட்டுக்கும் மட்டும் நல்ல கட்டை. கலப்பவர்களை மட்டம் தட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொம்மை இறக்குமதிக்கு வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. 2021 ஜனவரியிலிருந்து பிஐஎஸ் தர முத்திரையும் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து ஒரு பொட்டலம் உதிரித் துண்டு வரவழைப்பதே பெரும்பாடு. இந்த நிலைமையில் சுத்தம் பார்க்கிறேன் என்று புதியவர்களை விரட்டினால் நம் கூட்டம் வளரவே வளராது.

ஜூன் 22

தளர்ந்த கட்டையை ஒட்டக் கூடாதா என்று கேட்டவருக்கு: ஆமாங்க, ஃபெவிகுவிக் வேண்டவே வேண்டாம். தளர்ந்த கட்டையை மாற்றுங்கள்.

ஜூலை 2

ஈரோட்டு அக்கா ஒருவர்: "தரை, பாறை, வேலி எல்லாம் சரி. டிராகன் இல்லாம இதுல கற்பனை எங்கே இருக்குது?"

நியாயமான கேள்வி. என் பதில்: கொம்பன்.

ராத்திரி முழுக்க உடுக்கை அடித்து அண்ணமார் கதை பாடுகிறவர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொன்னர், சங்கர் என்கிற அண்ணன் தம்பிதான் அண்ணமார்; தங்கை தங்காள், வீரப்பூர், படுகளம். அந்தக் கதையில் விளைந்த வயலை உழுது போடுகிற காட்டுப்பன்றிதான் கொம்பன். பாட்டில் அது வருகிற இடத்தில் உடுக்கையின் வேகமே மாறும். சின்ன வயதில் என் அம்மிச்சி மடியில் படுத்துக்கொண்டு கேட்டபோது எனக்குக் கொம்பன் வீட்டைவிடப் பெரியது. நெருப்புக் கக்கும் பல்லி எனக்கு அந்தப் பயத்தைத் தந்ததே இல்லை.

கட்டும் விதம்: நீளம் இருபது ஸ்டட், தோளில் உயரம், பின்பக்கம் இறக்கம். உடம்புக்குக் கறுப்பும் அடர்பழுப்பும் அடர்சாம்பலும். முதுகில் சிலிர்த்து நிற்கும் மயிருக்குக் கறுப்புப் பல் பிளேட்டுகளை ஒரே வரிசையாக, தலையிலிருந்து இடுப்பு வரை. கோரைக்கு வெள்ளைக் கொம்புத் துண்டு, ஒரு பக்கம் முழுசு, இன்னொரு பக்கம் நுனி உடைந்த மாதிரி குட்டையாக. கால்களுக்கு 2014-ல் மிக்செல்ஸ் பெட்டிகளோடு வந்த சின்னப் பந்து மூட்டு. கண் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். கண்ணைப் பெரிதாக்கினால் கார்ட்டூன் ஆகிவிடும்.

ஜூலை 6

கொம்பனைப் பற்றி எழுதியதிலிருந்து அதே யோசனை.

முதலில் நினைத்தது: சங்கர் குதிரையில், கையில் ஈட்டி, எதிரே கொம்பன். அதைக் கட்டவும் உட்கார்ந்தேன். மினிஃபிக் பொம்மையின் மஞ்சள் சிரித்த முகத்தை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தபோது மனசு ஒப்பவில்லை. அண்ணமார் நமக்குச் சாமி. எத்தனையோ ஊரில் கோயில், எத்தனையோ வீட்டுக்குக் குலதெய்வம். வெளிநாட்டுக்காரருக்கு அவருடைய கோட்டை வீரன் வெறும் கதை, அதனால் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். நமக்கு இந்தக் கதை இன்னும் உயிரோடு இருக்கிறது, திருவிழா நடக்கிறது, படுகளத்தில் ஆட்கள் அருள் வந்து விழுகிறார்கள். கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மேசையில் அண்ணமார் பொம்மையாக நிற்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அப்படி முடிவு செய்த பிறகு காட்சி முன்பைவிட நன்றாக வந்தது. வெள்வேல மரத்தடியில் சேணம் பூட்டிய இரண்டு வெள்ளைக் குதிரைகள், மேலே ஆள் இல்லை. குதிரைகளின் தலை இரண்டும் ஒரே பக்கம் திரும்பியிருக்கின்றன. அந்தப் பக்கம் நெல் வயல், வரப்பு உடைந்து தண்ணீர் பாதையில் வழிகிறது. வயல் நடுவில் கீறிப் பிளந்த அகலமான தடம், செம்மண் புரண்டு கிடக்கிறது. தடத்தின் முடிவில் கரும்புக்குள்ளே கொம்பனின் முதுகு மட்டும். சிலிர்த்த மயிர் வரிசையும் ஒரு காதும் தெரிகிறது, அவ்வளவே. கீழ் உடம்பு கட்டவே தேவையில்லை, துண்டுகளும் மிச்சம். ஜூலை 2-ல் சொன்ன கால் மூட்டு, கோரை எல்லாம் வேறு காட்சிக்கு ஆகட்டும்.

பாதையோரம் ஒரு புலிக்குத்திக் கல் வைத்திருக்கிறேன். நம் பக்கம் வயலோரத்தில், ஊர் எல்லையில் இப்போதும் நிற்கின்றன, புலியோடு மோதி இறந்த வீரனுக்கு எடுத்த நடுகல். ஆறு ஸ்டட் அகலப் பலகை, அதன் முகத்தில் பக்கவாட்டு ஸ்டட், அதில் சாம்பல் துண்டுகளாலேயே வீரனும் புலியும். எல்லாம் ஒரே நிறம் என்பதால் நிழலில்தான் உருவம் தெரியும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் புலியின் வாய் தெரிகிறது, நேரே வைத்தால் மறைந்துவிடுகிறது. டிபன் பாக்ஸ் சாம்பலில் இது தாராளமாக ஆகும் தம்பி.

ஜூலை 8

ஈரோட்டு அக்கா குதிரைகளைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அவர்கள் வீட்டுக் குலதெய்வமே அண்ணமார்தானாம். "குதிரையை மட்டும் வெச்சது மனசுக்கு நெறஞ்சிருந்துச்சு" என்றிருக்கிறார். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்.

ஜூலை 19

ஆடிக் காற்று ஆரம்பித்தாயிற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது எங்கள் வீட்டுச் சன்னல் வழியாகத்தான் ஊருக்குள் நுழைகிறதோ என்று தோன்றும். கட்டியதை அப்படியே திறந்து வைத்தால் ஒரே வாரத்தில் எல்லா ஸ்டட்டின் தலையிலும் மண். அகலமான மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தினம் தட்டுங்கள், ஈரத் துணி வேண்டாம், மண் குழைந்து இடுக்கில் உட்காரும். கழுவ வேண்டி வந்தால் தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் சூடு கூடாது, காய வைப்பது நிழலில். மொட்டை மாடி வெயிலில் வைத்து வெள்ளையெல்லாம் மஞ்சளித்துப்போன கதைகள் நம் கூட்டத்திலேயே உண்டு.

பழுப்பு நிறைய வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சில வருடங்களுக்கு முன்பு வரை வந்த ரெடிஷ் பிரவுனும் டார்க் ரெட்டும் எளிதில் நொறுங்கும். கவ்வுகிற துண்டுகளும் மெல்லிய பிளேட்டுகளும்தான் முதலில் போகும். அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பூட்டாதீர்கள். ஒரு தடவை வைத்தால் அப்படியே இருக்கிற இடம், அதாவது தரை, அதற்கு நல்லது. வேலிக் குச்சிக்கு அந்தக் கவ்விகளை நம்ப வேண்டாம்.

ஜூலை 27

"ஊர் நடுவில் கிணறு, கப்பியில் வாளி, பக்கத்தில் ஒரு பெண்" என்று ஒருவர் படம் போட்டிருந்தார். வேலை சுத்தம். ஆனாலும் நம் காட்டுக் கிணறு என்றால் காளை கட்டி இறைக்கிற கவலை அல்லவா?

கிணற்றின் விளிம்பிலிருந்து ஒரு சரிவுப் பாதை. காளைகள் ஜோடியாக அதில் இறங்கும்போது கயிறு இழுபட்டு, சால் நிரம்பி மேலே வரும், வாய்க்காலில் கொட்டும். மறுபடி காளைகள் மேலேறும், சால் கீழே போகும். லெகோவில் இந்தச் சரிவு அழகாக வரும். இரண்டு ஸ்டட்டுக்கு ஒரு பிளேட் இறக்கினால் ஐந்துக்கு ஒன்று சரிவு, ஏறக்குறைய 11 டிகிரி. தினமும் குளம்பு பட்டுத் தேய்ந்த பாதை என்பதால் நடுவில் டைல், ஓரத்தில் ஸ்டட்.

எந்த நொடியைக் கட்டுவது என்பதில் எனக்கு இரண்டு மனசாக இருந்தது. காளை மேலே நிற்கும்போது அமைதி, கீழே இறங்கி முடிக்கும்போது வேலை. இறங்கி முடிக்கிற நொடியையே எடுத்தேன். கயிறு விறைப்பாக நிற்கிறது, சால் வாயிலிருந்து நிறமற்ற வட்டத் துண்டுகள் தொட்டியில் விழுகின்றன, ஓட்டுகிறவர் கயிற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். கயிறு விறைப்பாக இருக்க அடியில் ஒரு குச்சியை ஒளித்து வைக்க வேண்டியிருந்தது.

காளை: லெகோவின் அச்சு மாட்டுக்குத் திமில் கிடையாது. கட்டைகளிலேயே செய்யுங்கள். காங்கேயம் காளை சாம்பல் நிறம், திமிலும் கழுத்தும் கறுக்கும், கொம்பு விரிந்து லேசாகப் பின்னால் வளையும். தோள் உயரம் நம் அளவில் மூன்றரை செ.மீ.க்குள். தம்பி, உங்களிடம் மிச்சமிருக்கிற சாம்பலை இந்த ஜோடிக்கு எடுத்து வையுங்கள். மதிலுக்குப் போட்டால் கரைந்துபோகும், காளைக்குப் போட்டால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும்.

ஆகஸ்ட் 4

தாராபுரத்துத் தம்பி படம் அனுப்பிவிட்டார்! மண்கோட்டை. மஞ்சளும் டேனும் பழுப்பும் கலந்த மதில், கீழே அகலம், மேலே ஒடுக்கம். வாசலுக்கு முன்னால் வறண்ட அகழி, அதன் மேல் பனங்கட்டைப் பாலம். மதிலின் ஒரு இடம் மழையில் கரைந்து சரிந்திருக்கிறது, இரண்டு பேர் கூடையில் மண் சுமந்து அப்புகிறார்கள். அந்த இரண்டு பேர்தான் இந்தப் படத்தின் உயிர். சண்டை இல்லை, கொடி இல்லை, ஆனாலும் எதிரி வரப்போகிறான் என்று வயிற்றில் ஒரு பயம் வருகிறது.

நேற்று ஆடிப்பெருக்கு, ஓடாநிலைக்குப் போய் வந்த கையோடு இந்தப் படத்தைப் பார்த்தேன். தீரன் சின்னமலை கோட்டை கட்டி ஆண்ட இடம். வெள்ளைக்காரன் அதை இடித்துத் தள்ளினான், 1805-ல் சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்டான். நம் நாட்டில் பாளையக்காரர் காலத்துக் கோட்டைகள் நிறைய மண்ணால் ஆனவை, அதனாலேயே இன்று காண்பதற்கு அதிகம் மிச்சமில்லை. தம்பி மேசையில் ஒன்று நிற்கிறது. "கலர் ஒட்டலை" என்று எழுதியவர் இன்னொரு முறை பார்க்க வேண்டும். மழையில் ஊறிய அடிப்பகுதி அடர்த்தி, வெயில் பட்ட மேல்பகுதி வெளுப்பு. அவர் தெரிந்துதான் செய்திருக்கிறார்.

ஒரே ஒரு யோசனை: மதிலை இன்னும் ஒரு டிகிரி சாய்க்கலாம். கீல் பிளேட் இரண்டு அடியில் போதும்.

ஆகஸ்ட் 17

அடுத்த சந்திப்புக்கு எல்லோருடையதையும் ஒரே மேசையில் சேர்த்து ஒரு நாடாக வைக்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. நல்ல யோசனை. சேர வேண்டுமானால் அளவை இப்போதே பேசிவிடுவோம். ஆளுக்கு 32×32 பேஸ்பிளேட், அதாவது 25.6 செ.மீ. சதுரம், பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவரவும் வசதி. பேஸ்பிளேட் மேல் ஒரு கட்டை உயரம், அதற்கு மேல் இரண்டு பிளேட், அதுதான் எல்லோருக்கும் பொதுத் தரைமட்டம். ஓரக் கட்டைகளில் நடுவிலிருந்து சம தூரத்தில் டெக்னிக் ஓட்டை இரண்டு, பின் போட்டு இழுத்துக் கட்டிவிடலாம். வண்டித்தடம் ஓரத்தைத் தொடுகிற இடம் நடு எட்டு ஸ்டட்டுக்குள் இருக்கட்டும். மேடு பள்ளம் உள்ளே எப்படி வேண்டுமானாலும் போகலாம், ஓரத்தில் மட்டும் தரைமட்டத்துக்கு வந்துவிட வேண்டும். மலை கட்டுகிற நாமக்கல்காரருக்கு மட்டும் விதிவிலக்கு, அவர் பின் வரிசை.

இதுவரை மண்கோட்டை, படிவளைவு, கொம்பன் வயல், கவலைக் கிணறு, கொறங்காடு என ஐந்து பலகை உறுதி. ஏரிக்கு ஆள் இல்லை. பவானிக்காரர் எடுத்துக்கொண்டால் பொருத்தம். எடுப்பவர் நீலக் கண்ணாடித் துண்டு தேடி அலைய வேண்டாம். புதுத் தண்ணீர் வந்த ஏரி நம் பக்கம் செம்மண் நிறத்தில்தான் இருக்கும். அடியில் டார்க் டேன் பிளேட், மேலே நிறமற்ற டைல், கரையோரம் கொஞ்சம் ஆலிவ் கிரீன். டைல் குறைந்தால் என்னிடம் ஒரு டப்பா இருக்கிறது, காந்திபுரம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.